தோள் மாற்றி ஏறிய ஓட்டம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுகிறவள் இல்லை. கொல்லிமலையில் அரியூர் நாட்டில் (மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு) மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டால், பக்கத்தில் இருப்பவர்தான் எனக்காகச் சொல்வார். அப்படிப்பட்டவள் நோயைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தேதான் எழுதுகிறேன். ரத்த நோயுள்ள பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர் யாராவது இருந்தால், ஊர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை என்று அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது அப்படி யாரும் சொல்லவில்லை.

என் மகன் சரணுக்கு எட்டு மாதம் ஆனபோது பால் குடிப்பது குறைந்தது. குடிக்கத் தொடங்குவான், பாதியில் வாயை எடுத்துவிட்டு மூச்சு வாங்குவான். மலைக் குளிரிலும் நெற்றியில் வியர்வை பூத்திருக்கும். அதே சமயம் அவன் நிறம் தெளிந்துகொண்டே வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "உன்னாட்டம் இல்லாம நல்ல கலரா வாரான் பாரு" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. திருஷ்டிப் பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

அது நிறம் இல்லை, வெளுப்பு. தடுப்பூசி போட வந்த செவிலியர்தான் அதைக் கண்டார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. தோல் உரித்த பலாக்கொட்டை போல இருந்தது. "நாளைக்கே கீழ கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். அவர் குரலில் இருந்த அவசரம் எனக்கு அப்போது பிடிக்கவில்லை. இப்போது அவரை நினைக்காத நாள் இல்லை. உங்கள் பிள்ளை திடீரென்று வெளுத்தால், அழகு என்று எண்ணாதீர்கள். இமையை இழுத்துப் பாருங்கள்.

கீழே பல சோதனைகள் எடுத்தார்கள். கடைசியில் ரத்த நோய் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் அதிகம் சிரிக்காத பெண்மணி. என் ரத்தத்தையும் என் கணவர் ரத்தத்தையும் எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. என்ற அத்தை மகனுங்க" என்றேன்.

நோயின் பெயர் தலசீமியா (ரத்தத்தின் சிவப்பணு சரியாக உருவாகாத பிறவிக் குறை). தாய் தகப்பன் இருவரிடமும் அந்தக் குறையின் பாதி ஒளிந்திருக்கும். பாதியாக இருக்கும்வரை பெரும்பாலும் வெளியே தெரியாது. இரண்டு பாதியும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்துவிட்டால், அந்த உடம்பால் தனக்கு வேண்டிய ரத்தத்தைச் செய்துகொள்ள முடியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிறர் ரத்தம் ஏற்ற வேண்டும். "எவ்வளவு நாளைக்குங்க?" என்று என் கணவர் கேட்டார். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இருக்கிற வரைக்கும்" என்றார்.

எங்களுக்கு மூன்று வாரம்தான் மாதம் என்று ஆனது. ரத்தம் ஏற்றிய முதல் வாரம் சரண் மரம் ஏறுவான். இரண்டாம் வாரம் மரத்தடியில் விளையாடுவான். மூன்றாம் வாரம் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தைப் பார்த்தே தேதி சொல்லிவிடுவேன். அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறி எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்குவோம். ஒவ்வொரு வளைவிலும் அவன் வாந்தி எடுப்பான். சாயங்காலம் யாரோ முகம் தெரியாதவருடைய ரத்தத்தோடு அதே வளைவுகளில் ஏறுவோம். ஏறும்போது வாந்தி வராது. ஜன்னலோரம் உட்கார்ந்து குரங்குகளுக்கு அழகு காட்டிக்கொண்டு வருவான்.

ஏற்றும் ரத்தத்தோடு இரும்புச் சத்தும் உள்ளே போய்த் தங்கிவிடும். அது இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியேற்றத் தினமும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மண்ணைக் கரைத்துக் குடித்தாற்போல இருக்கும். நானும் குடித்துப் பார்த்ததால் சொல்கிறேன். மண்ணீரல் (வயிற்றின் இடப்பக்கம் ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு) வீங்கி அவன் வயிறு முன்னே தள்ளியது. பள்ளியில் பிள்ளைகள் 'வயிறா' என்று கூப்பிட்டார்கள். அவன் அழுதுகொண்டு வருவான் என்று காத்திருந்தேன். அவன் அவர்களிடம், "நான் மாசாமாசம் ரத்தம் குடிக்கறவன். இந்த மாசம் இன்னும் குடிக்கல" என்று பல்லைக் காட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அந்தத் துணிச்சல் அவனுக்கு என்னிடமிருந்து வந்திருக்க முடியாது. ஒருவேளை ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கும்.

பெரியவர்கள் சொன்னதுதான் கடினம். குலசாமி குற்றம் என்றார்கள். சொந்தத்தில் கட்டியதால் என்றார்கள். அவர்களும் சொந்தத்தில் கட்டியவர்கள்தான். கணவரின் பெரியப்பா ஒருநாள் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே, "எத்தன நாளைக்கு இப்பிடி ஊர்ரத்தத்த ஊத்திக் காப்பாத்துவ? வந்த வழியே போவட்டும்னு உட்ரு கண்ணு. இன்னொன்னு பெத்துக்க" என்றார். கண்ணு என்றுதான் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். சரண் உள்ளே பாய் மேல் படுத்திருந்தான். தூங்கவில்லை. பெரியப்பா கையிலிருந்த டம்ளரை, அவர் குடித்து முடிக்கும் முன்பே வாங்கிக்கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அவர் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

சரணுக்கு ஏழு வயது முடிந்தபோது மருத்துவர் ஒரு வழி சொன்னார். எலும்பு மஜ்ஜை மாற்று (எலும்புக்குள் ரத்தம் உண்டாக்கும் பகுதியை வேறொருவரிடமிருந்து எடுத்துச் செலுத்துவது). கூடப் பிறந்தவர்களுடையது பொருந்தினால் நல்லது. என் மகள் ரேவதி அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் ரத்தத்தைச் சோதித்தார்கள். முழுதாகப் பொருந்தியது. அவள் அதைக் கேட்டதும் தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்து, "இனிமேலு நீ என்கிட்ட மரியாதயாப் பேசோணும்" என்றாள்.

சிகிச்சைக்கு அரசின் காப்பீடு உண்டு. தடை வேறு இடத்தில் இருந்தது. மாற்று முடிந்தபின் பல மாதம் பிள்ளைக்கு நோய் எதிர்ப்பே இருக்காது. ஒரு சளி போதும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் தனியாக, சுத்தமான அறை எடுத்துத் தங்க வேண்டும். வாரத்தில் சில நாள் காட்ட வேண்டும். காப்பீட்டில் வராத மருந்துகளும் உண்டு.

"அதுக்கெல்லாம் ஏற்பாடு இருக்குன்னு நீங்க வந்து சொன்னாத்தான் நான் தேதி குறிப்பேன்" என்றார் மருத்துவர். "முடியலைன்னு பாதியில ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா பிள்ளை தங்காது. ஏற்கெனவே ஒரு தடவை அப்படி ஆகியிருக்கு. இன்னொரு தடவை நான் பார்க்க மாட்டேன்."

அவர் மிரட்டவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

கீழே ஊரில் ஓட்டப் பந்தயக் குழு ஒன்று உண்டு. வருடம் ஒருமுறை அடிவாரத்திலிருந்து மலைமேல் உள்ள செம்மேடு வரை மலைப்பாதையில் நெடுந்தூரம் ஓடுவார்கள். ஓடுகிறவர்களுக்குத் தெரிந்தவர்கள் பணம் தருவார்கள், அதை ஒரு நோயாளிக்குக் கொடுப்பார்கள். எங்களைப் பற்றிச் செவிலியர் சொல்லி, குழுவைச் சேர்ந்த தினேஷ் என்பவர் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். மரியாதையான பிள்ளை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

அவருக்குச் சரணின் படம் வேண்டும். கையில் ரத்தக் குழாயோடு, கேமராவைப் பார்த்த மாதிரி ஒன்று. பேனரில் போட.

"முகம் தெரிஞ்சாத்தான் ஜனங்க குடுப்பாங்க அக்கா" என்றார்.

நான் சரணைப் பார்த்தேன். அவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தான். படம் எடுக்கப் போகிறார்கள் என்று தயாராகிறான். எனக்கு ஏதோ பொறுக்கவில்லை.

"படம் வேணாமுங்க" என்றேன்.

"அப்ப பேனர்ல எதைக்கா காட்டறது?"

"என்னக் காட்டுங்க. நா ஓடறேன்."

சொன்னது நான்தானா என்று என் கணவர் திரும்பிப் பார்த்தார். தினேஷ் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து சரண், "எங்கம்மா நல்லா ஓடும் சார்! கோழி புடிக்கறப்பப் பாக்கோணும்!" என்று கத்தினான்.

உங்களுக்கும் யாராவது சொல்வார்கள், பிள்ளையின் படம் வேண்டும், அழுகிற படமாக இருந்தால் இன்னும் நல்லது என்று. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் நிலைமை. கொடுக்காமலும் கேட்க முடியும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாற்பத்துமூன்று வயதில் ஓடப் பழகினேன். மிளகு பறிக்கப் போகும் முன், விடிந்ததும், ரேவதியின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்குவேன். முதல் நாள் வாழைத் தோட்டம் முடியும் இடத்துக்குள் விலா பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள், "ஏனுங்க, எதாச்சும் தொரத்துதா?" என்று கேட்டார்கள். பால் ஊற்றப் போகிறவர், "போலீசுக்கு ஆளெடுக்கறாங்கன்னு சொன்னாங்க, நெசந்தானா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன். வெட்கம் மேல்மூச்சு வாங்கும்வரைதான் இருக்கும். அதற்குப் பிறகு மூச்சைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

மருத்துவரிடம் அனுமதி கேட்டேன். "உங்க ரத்தமும் கொஞ்சம் குறைவுதான். பாதி உங்ககிட்டயும் இருக்கில்ல. ஓடலாம், மெதுவா ஓடுங்க" என்றார். அன்றிலிருந்து ஓடும்போது மூச்சு முட்டியபோதெல்லாம், மூன்றாம் வாரத்துச் சரண் எப்படி இருப்பான் என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அவன் அந்த மூச்சோடு பள்ளிக்கூடம் போய் வாய்ப்பாடு சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அதற்குள் தினேஷ் ஒரு செய்தி சொன்னார். கீழே லாரிகள் வைத்து நடத்தும் ஒருவர் பேனரைப் பார்த்திருக்கிறார். பிள்ளையின் தாய், வண்டி ஏறாமல், யார் துணையுமில்லாமல் தானே ஓடி மேலே வந்து சேர்ந்தால், மருத்துவமனைக்குப் பக்கத்தில் எங்களுக்கு அறை எடுத்து எத்தனை மாதமானாலும் வாடகையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தேதி குறிக்க எங்களுக்குக் குறையாக இருந்தது அந்த அறைதான். அன்று ராத்திரி என் கணவர் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஓட்டத்தன்று காலை அடிவாரத்தில் ஒரே கூட்டம். எல்லோரும் பளபளப்பான உடையில் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்கள். தினேஷ் எனக்கு ஒரு நம்பர் துணியைக் கொடுத்து ஊக்குப் போட்டு மாட்டச் சொன்னார். அதன் பின்புறம் சிறு வில்லை ஒட்டியிருந்தது. வழியில் விரித்திருக்கும் பட்டையைத் தாண்டும்போது இயந்திரம் அதைக் கண்டுகொள்ளும்.

"அக்கா, இது கடைசி வரைக்கும் உங்க மேலயே இருக்கணும். கழட்டக் கூடாது. யார்கிட்டயும் குடுக்கக் கூடாது" என்றார்.

இதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்கு விதி தெரியாது என்று பின்னால் சிலர் எனக்காகப் பேசினார்கள். எனக்குத் தெரியும்.

முதல் வளைவுகள் நன்றாகவே போயின. சின்னப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் என் வேகத்தில் ஏறினேன். இருபது வளைவுகள் கடந்திருக்கும். மரத்தடியில் ஒரு ஆள் தலைத்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். என் கொழுந்தனார் பொன்னுசாமி. வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னோடு சேர்ந்து ஓடத் தொடங்கினார்.

"குடுங்க அண்ணி" என்றார்.

"என்னத்த?"

"அந்த நம்பர. தோள் மாத்திக்கலாம்."

எங்கள் ஊருக்கு ரோடு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்கு முன்பு நோயாளியைக் கம்பளித் தொட்டிலில் போட்டு, மூங்கிலில் கட்டி, முன்னே ஒருவர் பின்னே ஒருவராகத் தூக்கிக்கொண்டு மலை இறங்குவார்கள். ஊரே கூடப் போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் தோள் மாற்றுவார்கள். இறக்கிக் கொடுத்தவர் உட்கார மாட்டார், கூடவே நடப்பார். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தோள் மாற்ற வந்தவரிடம், 'வேண்டாம், நானே கொண்டு போகிறேன்' என்று சொல்லக் கூடாது. தோள் மாற்றாமல் கொண்டுபோவது பிணத்தை மட்டும்தான். சுடுகாடு பக்கம், ஆஸ்பத்திரி தூரம் என்பதால் வந்த வழக்கமாக இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், தோள் கொடுக்க வந்தவரை மறுத்தால், தொட்டிலில் இருப்பது உயிரில்லை என்று பொருள்.

அந்த நம்பர் மேலே போய்ச் சேர வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று என் கணவர் ஊரில் சொல்லியிருக்கிறார். அவர்கள் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: சரணை மலை ஏற்ற வேண்டும், அவன் அந்தத் துணியில் இருக்கிறான். ஊர் முழுதும் விடியும் முன்பே வேன் பிடித்து இறங்கி, வளைவுக்கு ஒருவராக நின்றிருக்கிறது.

"தம்பி, இது அப்பிடி இல்லீங்க. நாந்தான் கொண்டு போவோணும். ஆளு மாறுனா ஒத்துக்க மாட்டாங்க" என்று மூச்சுக்கிடையில் சொன்னேன்.

பொன்னுசாமியின் முகம் விழுந்துவிட்டது. "ஏன் அண்ணி, அவன் ஒங்களுக்கு மட்டுந்தான் புள்ளயா?" என்றார். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, மெல்லிய குரலில், "வேணாங்காதீங்க அண்ணி. நல்ல காரியத்துல அந்த வார்த்த வேணாம்" என்றார்.

அந்த அறை என் கண் முன்னால் இருந்தது. அதே அளவுக்கு அந்த வார்த்தையும் இருந்தது. என் வாயால், என் பிள்ளைக்கு, அதை எப்படிச் சொல்வேன்? சொல்லி வாங்குகிற அறையில் என் பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பேன்?

ஊக்கைக் கழற்றினேன். ஓடிக்கொண்டே நீட்டியதில் அது அவர் விரலில் குத்திவிட்டது. "என்ற ரத்தம் என்ன குரூப்புன்னு இன்னிக்காச்சும் பாத்துரலாம்" என்று சிரித்துக்கொண்டே தன் சட்டையில் மாட்டிக்கொண்டார். நான் நிற்கவில்லை. அவர் பக்கத்திலேயே ஓடினேன்.

அடுத்தடுத்த வளைவுகளில் அவர் மனைவி செல்வி, பிறகு பால் ஊற்றுகிறவர், பிறகு ரேவதியோடு படித்த பெண்கள். செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதைப் பார்த்து, கீழேயிருந்து வந்த ஓட்டக்காரர் ஒருவர் கை தட்டினார். "இங்க என்ன கூத்தா நடக்குது? பாத்து ஓடுங்க, குரங்கு கடிச்சுரும்" என்றாள் செல்வி. பட்டை விரித்திருந்த இடங்களில் குழுவின் பிள்ளைகள் எங்களைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தடுக்கவும் தெரியவில்லை, விடவும் தெரியவில்லை.

அறுபதைத் தாண்டிய ஒரு வளைவில் பெரியப்பா நின்றார். டம்ளரை நான் வாங்கிக் கவிழ்த்த அதே பெரியப்பா. வேட்டியை மடித்துக் கட்டி, யாரையும் பார்க்காமல் நின்றார். கை மாறி மாறி அப்போது துணி மறுபடி என்னிடம் வந்திருந்தது. என் கால் தானாகவே மெதுவானது. அவரிடம் கொடுக்கக் கூடாது என்று ஒரு மனம் சொன்னது. அவர் கை நீட்டினார்.

"பேசறதுக்கு மூச்சில்ல. குடு" என்றார்.

கொடுத்தேன். அவரால் ஓட முடியவில்லை. துணியை மாட்டிக்கொள்ளவும் இல்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வேகமாக நடந்தார். அடுத்த வளைவு வரும்வரை அவர் மூச்சும் என் மூச்சும் மட்டும் கேட்டன. கொடுத்துவிட்டு அவரும் உட்காரவில்லை. பின்னாலேயே வந்தார்.

செம்மேட்டில் நாங்கள் ஒரு கும்பலாகப் போய்ச் சேர்ந்தோம். கடைசியில் துணியை மறுபடி என் மேல் மாட்டிவிட்டார்கள். சரண் மெல்ல நடந்துவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். "உங்கம்மா எத்தனாவதுடா?" என்று யாரோ கேட்டார்கள். "எல்லாருக்கும் அப்பறம்" என்றான் பெருமையாக.

தினேஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது. வழியில் பார்த்ததையெல்லாம் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். என் ஓட்டத்தைச் சேர்க்க முடியாது. லாரிக்காரரும் அங்கேயே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் நெடுநேரம் நின்றிருக்கிறார்.

"யார் யாரோ போட்டுக்கிட்டு வந்தா அது எப்படிம்மா கணக்காகும்? நான் தாய் ஒருத்தி தனியா ஏறி வர்றதப் பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

"நானும் முழுசா ஏறித்தானுங்க வந்தேன். ஒரு எடத்துலயும் ஒக்காரல. ஒங்க மிசினுக்கு என் காலு தெரியலீன்னா நா என்ன பண்றதுங்க?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுசாமிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "அண்ணி, நாங்க கெடுத்துப்போட்டமா?" என்றார். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

லாரிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒண்ணு பண்ணலாம். அடுத்த வாரம் ஒருநாள் நீங்க மட்டும் தனியா ஓடிக் காட்டுங்க. நான் வர்றேன். சொன்னது சொன்னதுதான்."

தினேஷின் முகம் மலர்ந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு அது முடியாத காரியம் இல்லை. கால் இருந்தது. மூச்சும் இருந்தது.

"மாட்டனுங்க" என்றேன்.

"ஏம்மா?"

"எம் பையனத் தனியாத் தூக்கிட்டுப் போறதுக்கு அவன் செத்தா போயிட்டான்? அவனுக்கு ஆளுங்க இருக்காங்க. நாங்க தூக்குனா இப்பிடித்தானுங்க தூக்குவோம்."

அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. வந்த வரைக்கும் போதும். லாரிக்காரர் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பார்க்க வந்த காட்சி ஒன்று, நாங்கள் வைத்திருந்தது வேறொன்று.

ஊருக்குத் திரும்ப வேன் ஏறினோம். பெரியப்பாதான் பேச்சைத் தொடங்கினார். "மொளகு பறிக்க நீ இல்லீன்னா என்ன? காட்ட நாங்க மாத்தி மாத்திப் பாக்கறம். மொளகு வித்த காசு அப்பிடியே அங்க வரும். பத்தலீன்னா எங்க மொளகு வரும்" என்றார். செல்வி மாடுகளைத் தன்னிடம் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். குழு திரட்டிய பணத்தை எப்படியும் தருவதாகத் தினேஷ் சொல்லியிருந்தார். எல்லாம் சேர்த்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலே வாக்குக் கொடுத்தார்கள். வாக்குக் கொடுப்பவர்களிடம் முழுக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் மலை இறங்கியிருக்காது.

மாற்று முடிந்து நாங்கள் தங்கிய அறை ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. சரண் பக்கத்தில் நானும் ரேவதியும் தவிர யாரும் வரக் கூடாது. அதனால் ஊரிலிருந்து வந்தவர்கள் வாசலில் பையை வைத்துவிட்டு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று ஜன்னலைப் பார்ப்பார்கள். இவன் மொட்டைத் தலையோடு, முகமூடியோடு கையாட்டுவான். ஒருமுறை பெரியப்பா மழையில் நனைந்தபடி நின்றார். போகச் சொல்லி நான் கையசைத்தேன். அவர் தன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நடுவில் காய்ச்சல் வந்தது. தோல் உரிந்தது. ரேவதியின் அணுக்கள் இவன் உடம்போடு சண்டை போட்டன. இப்படி நடக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பயந்த நாட்களை எண்ணி எழுத எனக்கு விருப்பம் இல்லை. உங்களுக்கும் அவை வரும். வந்து போகவும் செய்யலாம்.

சரண் இப்போது வீட்டில் இருக்கிறான். ரத்தம் ஏற்றுவதில்லை. முன்பு அவன் ரத்தம் ஒரு பிரிவு, இப்போது அக்காவின் பிரிவு. அவன் நரம்பில் ஓடுவது அவள் கொடுத்தது. சண்டை வந்தால், "என்ற ரத்தத்தத் திருப்பிக் குடுடா" என்கிறாள். என் உடம்பும் மாறிவிட்டது. மேட்டில் ஏறும்போது என் மூச்சு எனக்குக் கேட்கிறது. முன்பு அது இருப்பதே தெரியாது. காலம்தான் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மூன்று வாரம் மாதமாக இருந்தது போய், முப்பது நாள் மாதமாகிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்து என்னால் இப்போது தேதி சொல்ல முடிவதில்லை. போன வாரம், இன்று என்ன கிழமை என்று பக்கத்து வீட்டில் கேட்டேன். கேட்டுவிட்டு அங்கேயே நின்று சிரித்தேன். அவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஓட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. சரணுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய நாள். முதல் பஸ்ஸில் இறங்கினோம். எனக்குக் கால் மடங்கவில்லை, உட்கார முடியாமல் அடிவாரம் வரை நின்றுகொண்டே போனேன். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது மருத்துவர் வந்தார். ஏற்பாடு இருக்கிறது என்று சொன்னேன். அவர் மாற்றுக்குத் தேதி குறித்தார்.